கோல் விழுந்த மறுநிமிஷம்

உசிலம்பட்டி

மருமகனுக்கு, உன் க்ஷேமத்தையும் படிப்பையும் பற்றி உன் அம்மா நாள்தோறும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து விசாரித்து, நான் சொல்லும் பதிலில் திருப்தி காணாமலே திரும்பிப் போகிறாள். ஆகையால் அவளிடம் நீயே ஒருதரம் பேசிவிடு.

கைபேசியில் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்க வேண்டியதை மாமன் ஏன் காகிதத்தில் நீட்டிக்கொண்டு போகிறார் என்று நீ சலித்துக்கொள்ளலாம். கைபேசியில் கேட்ட புத்திமதி காதோடு போய்விடும். காகிதத்தில் இருப்பதையோ, இப்போது வேண்டாமென்று மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டாலும், ஆட்டத்துக்கு முந்தின இரவு தூக்கம் வராமல் புரளும்போது எடுத்துப் படித்துக்கொள்ளலாம். உனக்கு அந்த இரவு தூக்கம் வராது என்பது எனக்குத் தெரியும்.

கால்பந்துப் போட்டிக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டதில், முதல் ஆட்டத்திலேயே நம் ஊர்ப் பையன்களுக்கு எதிராக விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளைகளின் அணி வந்து வாய்த்திருக்கிறது என்றும், மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் அவர்கள் பயிற்சி செய்ததைப் பார்த்துவிட்டு வந்த நம் கோல் கீப்பர் அன்றிரவு சாப்பிடவேயில்லை என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், விளையாட்டாகக் கேட்பதுபோல, "எத்தனை கோலுக்குள் தோற்றால் மானம் தப்பும் மாமா?" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தோல்வியின் அளவை முன்கூட்டியே மனத்துக்குள் நிர்ணயித்துக்கொண்டு மைதானத்தில் இறங்குகிறவன், அந்த அளவுக்குள் தோற்றுவிட்டால் ஜெயித்துவிட்டதாகவே எண்ணிப் பூரித்து வீடு திரும்புகிறான். அடுத்த வருஷமும் அதே அளவோடு தோற்பதற்கு ஆயத்தமாகிறான். எத்தனை கோல் விழும் என்ற கணக்கை விடு. கோல் விழுந்தால், அது யார் பக்கத்தில் விழுந்தாலும் சரி, அதற்கு மறுநிமிஷம் நீங்கள் பதினொரு பேரும் எப்படி நிற்பீர்கள் என்று யோசித்துவை. இந்தக் கடிதம் முழுவதிலும் நான் சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.

முதலில் எதிரணியின் பலம் எதில் இருக்கிறது என்று பார்ப்போம். அந்தப் பிள்ளைகளுக்கு உன்னைவிட இரண்டு கால்கள் அதிகமில்லை. தினமும் காலையும் மாலையும் ஒரே பயிற்சியாளரின் கண் முன்னால் ஓடுகிறார்கள். வேளைக்கு முட்டையும் பாலும் கிடைக்கின்றன. புல் வளர்ந்த தரையில் பந்து எப்படி உருளும், எங்கே நிற்கும் என்பது அவர்களுடைய பாதத்துக்கே மனப்பாடமாகிவிட்டது. நம் பையன்களோ வாரத்தில் இரண்டு சாயங்காலம், கருவேல முள்ளைப் பெருக்கித் தள்ளிவிட்டு, கல்லும் மண்ணுமான பொட்டலில், ஆளுக்கொரு நேரத்துக்கு வந்து சேர்ந்து ஆடுகிறீர்கள். இந்த வித்தியாசம் மெய்யானது. இதை இல்லையென்று மறுப்பது அசட்டுத்தனம். ஆனால் இதைவிடப் பெரிய அசட்டுத்தனம் ஒன்று உண்டு. நம்முடைய இல்லாமையையே ஓர் ஆபரணமாக அணிந்துகொண்டு மைதானத்துக்குப் போவது.

இந்த விஷயத்தில் நம் தேசமே ஒரு காலத்தில் ஏமாந்துபோயிருக்கிறது. 1948-ஆம் வருஷத்து லண்டன் ஒலிம்பிக் கால்பந்தில், சுதந்திரம் பெற்று ஒரு வருஷம்கூட நிறையாத நாட்டின் அணி, பெரும்பாலோர் வெறுங்காலோடு, பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து ஆடியது. பிரான்ஸ் ஒரு கோல் முன்னணியில் இருந்தபோது சாரங்கபாணி ராமன் என்ற, பெயரைக் கேட்டாலே நம் பக்கத்து மனிதராகத் தோன்றுகிற ஆட்டக்காரர், 70-ஆம் நிமிஷத்தில் பந்தை வலைக்குள் அனுப்பிச் சமன் செய்தார். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் பிரான்ஸ் இரண்டாவது கோலைப் போட்டு ஜெயித்தது. வெறுங்காலோடு இவ்வளவு நேர்த்தியாக ஆடினார்களே என்று சீமையிலும் இங்கும் புகழ்ந்தவர்கள் புகழ்ந்தார்கள். அந்த இரண்டு பெனால்டிகள் பின்னணிக்குப் போய், வெறுங்கால் முன்னணிக்கு வந்துவிட்டது. நான்கு வருஷம் கழித்து, 1952-இல், ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற கணக்கில் தோற்ற பிறகுதான், பூட்ஸ் அணிவது கட்டாயம் என்ற விதி இங்கே வந்தது. அந்த யூகோஸ்லாவியா இறுதியாட்டம் வரை போய் வெள்ளிப் பதக்கம் பெற்ற மகா பலசாலி அணி என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும், புகழுரையில் மயங்கிக் கிடந்த நான்கு வருஷங்களுக்கு நாம் கொடுத்த விலையும் அந்தப் பத்துக் கோலில் சேர்ந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே, "பாவம், வசதியில்லாத பிள்ளைகள், தோற்றாலும் நன்றாக ஆடினார்கள்" என்று யாராவது முதுகில் தட்டிக்கொடுத்தால், மரியாதைக்காகச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. அந்த வார்த்தையை வீட்டுக்கு எடுத்து வராதே.

இனி முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். 2017-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைப் போட்டி நம் நாட்டில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது சின்னப் பையன், என் வீட்டுத் தொலைக்காட்சியின் முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உலகக் கோப்பை என்ற பெயரில் நடக்கும் கால்பந்துப் போட்டி எதிலும் இந்தியா அதற்குமுன் ஆடியதேயில்லை. போட்டியை நடத்தும் நாடு என்ற உரிமையால் கிடைத்த இடம் அது. மணிப்பூரின் அமர்ஜித் சிங் தலைவர்; போர்ச்சுகல் நாட்டு லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் பயிற்சியாளர். டில்லி ஜவாஹர்லால் நேரு மைதானத்தில், அக்டோபர் 6-ஆம் தேதி, அமெரிக்காவுக்கு எதிராக முதல் ஆட்டம். அதில் 0-3 என்று தோற்றார்கள் என்பதைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது கோல் எப்படி விழுந்தது என்பதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. நம் அன்வர் அலி அடித்த பந்து கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் மோதித் திரும்பியது. ஐயோ, மயிரிழையில் தப்பிவிட்டதே என்று மைதானமே தலையில் கைவைத்து நின்ற அந்தக் க்ஷணத்தில், அமெரிக்கப் பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடி, நம் கோல் கீப்பர் தீரஜை ஒற்றையாக நிற்கவைத்துக் கோலைப் போட்டுவிட்டார்கள். ஒரு கோல் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோல் பறிபோயிற்று. இரண்டுக்கும் இடையில் ஒரு நிமிஷம்கூட இல்லை.

மூன்று நாள் கழித்து, 9-ஆம் தேதி, கொலம்பியாவுடன் ஆட்டம். முதல் பாதியில் ராகுல் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இடைவேளைக்குப் பிறகு கொலம்பியாவின் பெஞலோசா ஒரு கோல் போட்டான். நம் பிள்ளைகள் மனம் தளரவில்லை. 82-ஆம் நிமிஷத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னரிலிருந்து தூக்கி அனுப்பிய பந்தை, எல்லாரையும்விட உயரமாக எழும்பி, ஜீக்சன் சிங் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினான். உலகக் கோப்பைப் போட்டிகளில் இந்தியாவின் முதல் கோல்! நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களின் ஆரவாரத்தில் நம் வீட்டுத் தொலைக்காட்சிகூட அதிர்ந்தது; நீ எழுந்து குதித்ததில் உன் அத்தை வைத்திருந்த காப்பி டம்ளர் கவிழ்ந்தது. அடுத்த நிமிஷமே, 83-இல், அதே பெஞலோசா இரண்டாவது கோலைப் போட்டான். அந்தப் பிள்ளைகளின் சந்தோஷம் நிலைத்தது ஒரே ஒரு நிமிஷம். ஆட்டம் 1-2 என்று முடிந்தது.

மறுநாள் பத்திரிகைகளில் ஜீக்சனின் கோல்தான் பெரிய எழுத்தில் வந்தது. அதில் தவறில்லை, சரித்திரத்தில் இடம்பெற வேண்டிய கோல்தான். ஆனால் ஆட்டக்காரனாகிய நீ படிக்க வேண்டிய பாடம் 83-ஆம் நிமிஷத்தில் இருக்கிறது. கோல் போட்டவுடன் எல்லாரும் ஓரிடத்தில் குவிந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். பேக் ஆடுகிறவன்கூடத் தன் இடத்தை விட்டு ஓடி வந்துவிடுகிறான். திரும்பி நிற்கும்போது கால்கள் அவரவர் இடத்தில் இருந்தாலும் மனம் இன்னும் கார்னர் கொடியருகிலேயே நிற்கிறது. முன்னால் இருப்பவன் இன்னொரு கோலுக்கு ஆசைப்பட, பின்னால் இருப்பவன் கிடைத்ததைக் காப்பாற்ற நினைக்க, நடுவில் ஒரு பெரிய இடைவெளி விழுகிறது. எதிரிக்கோ அப்போதுதான் ரோஷம் பொங்கியிருக்கிறது. பந்தும் நடுவட்டத்தில் அவன் காலில் இருக்கிறது. பலமான அணி என்பது வேறொன்றுமில்லை, இந்த இடைவெளியைக் கண்டவுடன் உபயோகிக்கத் தெரிந்த அணி. நம்மைப்போன்ற அணியோடு நீங்கள் ஆடினால், அந்த ஒரு நிமிஷ மயக்கத்துக்குத் தண்டனை கிடைக்காமல் போகலாம். விடுதிப் பிள்ளைகளிடம் அது நடக்காது.

ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் இப்படியே ஆகும் என்று நான் சாஸ்திரம் சொல்லவில்லை. ஆனால் இது ஒருநாள் தற்செயலாக நேர்ந்ததும் அல்ல. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில், நெவில் டிசூசா மூன்று கோல் போட்டு ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி, அரையிறுதி வரை போனார்கள் நம்மவர்கள். அங்கும் யூகோஸ்லாவியா. பழைய பத்துக் கோல் கணக்கைத் தீர்த்துவிடுவதுபோல, முதலில் கோல் போட்டதும் இந்தியாதான். ஆனால் சில நிமிஷங்களுக்குள்ளேயே எதிரணி சமன் செய்து, முந்தியும் சென்று, முடிவில் 4-1 என்று ஜெயித்தது.

உனக்கு இது விளங்க வேண்டுமானால் நம் ஊர்ச் சடுகுடுவை நினைத்துப்பார். பாடிக்கொண்டு போனவன் எதிர்ப்பக்கத்து ஆளைத் தொட்டுவிட்டான். கூட்டம் விசில் அடிக்கிறது. அவனும் ஒரு கணம் மார்பை நிமிர்த்துகிறான். கோட்டுக்குத் திரும்பி வந்து சேராதவரை அந்தத் தொடுகைக்கு மதிப்பேயில்லை. தொட்டவுடனே திரும்புகிறவன்தான் தேர்ந்த ஆட்டக்காரன். தொட்டதில் லயித்து நின்றவனைக் கணுக்காலில் பிடித்து உட்காரவைத்துவிடுவார்கள். இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செல்லம்பட்டிப் பக்கத்துத் திருவிழாப் போட்டிகளில் நீயே எத்தனை பேரை அப்படிப் பிடித்திருக்கிறாய்! கால்பந்தில் கோல் போட்டதும் தொட்டதற்குச் சமானம். நடுக்கோடு தாண்டி அவரவர் இடத்துக்கு வந்து, மூச்சை அடக்கி, எதிரியின் முதல் பாய்ச்சலைத் தாங்கி நின்ற பிறகே அது நமக்குச் சேரும்.

சரி, கோல் நம் பக்கத்தில் விழுந்தால்? அதுதான் அதிகம் நேரக்கூடியது என்பதை மறைக்க வேண்டாம். அதற்கும் ஒரு திருஷ்டாந்தம் சொல்கிறேன். 1950-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி, பிரேசிலின் மரக்கானா மைதானத்தில், 1,70,000-க்கும் மேற்பட்ட ஜனங்களுக்கு முன்னால், உலகக் கோப்பையைத் தீர்மானிக்கும் ஆட்டம். பிரேசிலுக்குச் சமன் செய்தாலே போதும். எதிரணி, ஜனத்தொகையில் ஒரு மூலைக்குக் காணாத உருகுவே. இடைவேளை முடிந்த சற்றைக்கெல்லாம் பிரேசில் கோல் போட்டுவிட்டது. வாணவேடிக்கை, கூச்சல், சொல்லி முடியாது. அப்போது உருகுவேயின் தலைவர் ஒப்துலியோ வரேலா செய்த காரியம் என்ன தெரியுமா? வலைக்குள் கிடந்த பந்தைக் குனிந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிரேசில்காரர் ஆஃப்சைடு என்று நடுவரிடம் வாதாடிக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல், நிதானமாக நடுவட்டத்துக்கு நடந்தார். அந்தக் கோல் செல்லாது என்று நடுவர் மாற்றிவிடுவார் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்திருக்க முடியாது. அந்தக் கூச்சல் அடங்க வேண்டும். தன் பையன்களின் நெஞ்சு படபடப்பு தணிய வேண்டும். பிரேசில்காரர்களின் உற்சாகம் ஆற வேண்டும். அவ்வளவே. பிறகு ஸ்கியாஃபினோ ஒன்று, 79-ஆம் நிமிஷத்தில் கிஜியா ஒன்று. 2-1 என்று உருகுவே கோப்பையைக் கொண்டுபோனது.

இப்போது அப்படி வாதாடினால் நடுவர் மஞ்சள் அட்டையை நீட்டிவிடுவார். ஆகையால் வாதாட்டத்தை விட்டுவிடு, நடையை மட்டும் எடுத்துக்கொள். கோல் விழுந்தவுடன் கோல் கீப்பரை ஒருவர் முறைப்பதும், பேக் ஆடுகிறவன் ஹாஃப் ஆடுகிறவனைக் கைநீட்டித் திட்டுவதும், பந்தை ஆத்திரத்தோடு நடுவட்டத்துக்கு எற்றி அனுப்புவதும் நம் பையன்களிடம் உள்ள வழக்கங்கள்; நானே பார்த்திருக்கிறேன். தலைவனாகிய நீ பந்தை உன் கையில் எடு. நடந்து வா. வரும் வழியில் கோல் கீப்பரிடம் ஒரு வார்த்தை, பேக்குகளிடம் ஒரு வார்த்தை, அதுவும் நடந்ததைப் பற்றியதாக இல்லாமல், அடுத்த பாஸ் யாருக்குப் போக வேண்டும் என்பதைப் பற்றியதாகச் சொல். அந்த நடை முடிவதற்குள் பாதி ஆட்டம் மீண்டுவிடும்.

டில்லிப் பிள்ளைகளின் கதையை நான் இன்னும் முடிக்கவில்லை. கொலம்பியாவுக்குப் பிறகு கானாவிடம் 0-4 என்று தோற்று, மூன்று ஆட்டத்திலும் தோல்வியோடு வெளியேறினார்கள். அதோடு அவரவர் ஊருக்குப் போயிருந்தால், ஜீக்சனின் கோல் ஒரு நல்ல ஞாபகமாக மட்டும் நின்றிருக்கும். அப்படி விடாமல், அவர்களில் பலரை இந்தியன் ஏரோஸ் என்ற பெயரில் ஒன்றாக வைத்து, அந்த வருஷத்து ஐ-லீகில், அந்நிய நாட்டு ஆட்டக்காரர்களைக் கூலிக்கு அமர்த்திய பெரிய கிளப்புகளோடு வாரந்தோறும் மோதவிட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே நம் சென்னை சிட்டி அணியை 3-0 என்று வென்றார்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பருவத்தின் முடிவில் பட்டியலில் கடைசி இடம் அவர்களுக்குத்தான். கடைசி இடம் என்பதைக் கேட்டு முகம் சுளிக்காதே. தங்களைவிடப் பத்து வயது மூத்தவர்களின் தோளோடு தோள் மோதி, விழுந்து, எழுந்து, மறுவாரமும் அதற்கே தயாரான அந்த மாதங்கள்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

அடுத்து, 2018 ஆகஸ்ட். ஸ்பெயின் தேசத்தில், வலென்சியாவுக்குப் பக்கத்தில் நடக்கும் கோட்டிஃப் என்ற போட்டியில், இருபது வயதுக்குட்பட்ட இந்திய அணி, ஃபிலாய்ட் பிண்டோவின் பயிற்சியில் ஆடியது. அதில் டில்லிப் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். எதிரில் அர்ஜென்டினா; இந்த வயதுப் பிரிவில் ஆறு முறை உலகக் கோப்பையை வென்ற தேசம். அதன் பயிற்சியாளர் லயோனல் ஸ்கலோனி. நான்கு வருஷம் கழித்து, 2022 டிசம்பரில், கத்தாரில் மெஸ்ஸியின் அணிக்கு உலகக் கோப்பையை வாங்கித் தந்த அதே மனிதர். 4-ஆம் நிமிஷத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தீபக் தாங்ரி தலையால் முட்டிக் கோல் போட்டான். டில்லியைவிட எழுபத்தெட்டு நிமிஷங்கள் முன்கூட்டியே தலைக்கேறியிருக்க வேண்டிய சந்தோஷம் அது. ஏறவில்லை, இடைவேளை வரை அர்ஜென்டினாவுக்கு வழி கிடைக்கவில்லை. இரண்டாம் பாதியில் அனிகேத் ஜாதவ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, பத்துப் பேரானார்கள். பத்துப் பேரோடு ஆடும்போதே, 68-ஆம் நிமிஷத்தில், ஃப்ரீ கிக்கை நேரே வலைக்குள் ஏற்றினான் ஒருவன். யார் என்று நினைக்கிறாய்? டில்லியில் குறுக்குச் சட்டத்தை அடித்த அன்வர் அலி! சில நிமிஷங்களில் அர்ஜென்டினா ஒரு கோலைத் திருப்பிப் போட்டது. பத்து மாதத்துக்கு முந்தைய பிள்ளைகளாயிருந்தால் அடுத்த நிமிஷத்தில் இன்னொன்றும் விழுந்திருக்கும். இவர்கள் பத்துப் பேரும் இடம் பிசகாமல் நின்று, 2-1 என்று ஜெயித்தார்கள். தோற்ற அந்த அர்ஜென்டினாதான் பிறகு அந்தப் போட்டியின் கோப்பையையும் வென்றது என்பதைச் சேர்த்துச் சொன்னால் இந்த வெற்றியின் எடை உனக்குத் தெரியும்.

இதையெல்லாம் சொல்வதால், நீயும் போய் ஜெயித்துவிடுவாய் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அர்ஜென்டினாவை வெல்வதற்கு முன் அதே போட்டியில் அவர்கள் தோற்ற ஆட்டங்களும் உண்டு. ஜகார்த்தாவில் 1962 ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் கொண்டுவந்த, பயிற்சியாளர் ரஹீம் சாஹேபின் இந்திய அணியும், அதே தென் கொரியாவிடம் முதல் ஆட்டத்தில் 0-2 என்று தோற்றிருந்தது. அந்த இறுதியாட்டத்தில் கோல் காத்த பீட்டர் தங்கராஜ், ஹைதராபாதில் பிறந்த தமிழர், நம் மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் வளர்ந்தவர். அவர் ஆதியில் ஆடியது ஃபார்வர்டாக. கோல் போடுகிறவனின் மனத்தை அறிந்தவர் பிறகு கோல் காக்க நின்றார். நம் கோல் கீப்பர் சாப்பிடாமல் படுத்தான் என்றாயே, அவனுக்கு இந்த ஒரு சங்கதியைச் சொல். பயிற்சியில் ஒருநாள் அவனை முன்னால் ஆடவிட்டுப்பார். பந்தோடு வருகிறவனுக்கும் அந்த இடத்தில் பயம் உண்டு என்பதை அவன் தானே கண்டுகொள்வான்.

இன்னொரு விஷயம். ஆட்டத்துக்குப் போகுமுன் எல்லாரும் பெருங்காமநல்லூர் நினைவுத் தூணுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று பையன்கள் பேசிக்கொள்வதாக எழுதியிருந்தாய். அவசியம் போங்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பேரால் விரல்ரேகை பதிக்க வந்தவர்களை எதிர்த்து, 1920-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி, மாயக்காள் உள்பட 16 பேர் துப்பாக்கிக்குப் பலியான இடம் அது. நம் பாட்டன் பூட்டன் மனிதராக நடத்தப்பட வேண்டும் என்பதற்காகச் சிந்திய ரத்தம். ஆகையினாலேயே அதைப் பந்தாட்டத்தில் கோபம் மூட்டிக்கொள்வதற்கு எடுத்துப் போகாதீர்கள். எதிரில் ஆடப்போகும் பிள்ளைகள் யாருடைய துப்பாக்கியையும் ஏந்தி வரவில்லை. அவர்களிலும் பாதிப் பேர் நம்மைப்போலவே மானாவாரிக் காட்டு வீட்டிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். வீரம், மானம், மண் என்று ஆவேசப்பட்டு இறங்கிய நம் அணிகள் முதல் பதினைந்து நிமிஷத்தில் இரண்டு ஃபவுலும் ஒரு மஞ்சள் அட்டையும் வாங்கி, மூச்சு முட்டி நின்றதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பக்தியைத் தூணின் அடியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சில்லறைக் காரியங்கள் சிலவற்றையும் எழுதிவிடுகிறேன். தேனிப் பக்கத்திலிருந்து வரும் காலை பஸ்ஸில் உசிலம்பட்டியில் இடம் கிடைக்காது; நின்றுகொண்டே ஆரப்பாளையம் வரை போனால் கால் கனத்துவிடும். முந்தின பஸ்ஸுக்குப் போய், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மைதானத்தில் இருங்கள். பொட்டலில் ஆடிப் பழகியவனுக்குப் புல்தரையில் பந்து வேகம் குறைந்து நிற்பதுபோலத் தோன்றும். ஆகையால் பாஸை வழக்கத்தைவிடச் சற்று அழுத்தி அடிக்க வேண்டும் என்பதை, ஆட்டம் ஆரம்பித்த பிறகு கண்டுபிடிக்காமல், முன்னதாகவே பத்து நிமிஷம் பந்தை உருட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். புது பூட்ஸ் வாங்கியவன் எவனாயிருந்தாலும், அன்றைக்கு முதன்முதலாக அதைப் போட வேண்டாம். காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மதுரைக்கு வந்த சந்தோஷத்தில் பரோட்டாக் கடையில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஆட்டம் முடிந்த பிறகு ஆசை தீரச் சாப்பிடலாம், செலவு என்னுடையது.

ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்களிடம் கைகுலுக்கிவிட்டு ஓடி வந்துவிடாதே. அவர்களுடைய தலைவனைத் தேடிப் பிடித்து, தினமும் என்ன பயிற்சி செய்கிறீர்கள், எத்தனை நேரம், பேக்குகள் நால்வரும் ஒரே கோட்டில் நிற்க எப்படிப் பழகினீர்கள் என்று கேள். ஜெயித்தவன் கர்வத்தில் சொல்லாமல் போகலாம். தோற்றிருந்தால் நிச்சயம் சொல்ல மாட்டான். ஆனாலும் பதினேழு பதினெட்டு வயதில் தன் ஆட்டத்தைப் பற்றிப் பிறர் கேட்டால் பேசாமலிருக்கிற பையனை நான் இதுவரை பார்த்ததில்லை.

முடிவு எப்படியிருந்தாலும் அன்றிரவே எனக்கு எழுது. ஸ்கோரை மட்டும் எழுதி அனுப்பாதே. அது மறுநாள் ஊர் டீக்கடையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு கோலும் எத்தனையாவது நிமிஷத்தில் விழுந்தது, விழுந்த பிறகு அடுத்த ஐந்து நிமிஷத்தில் பந்து யாரிடம் இருந்தது, நம் பேக்குகள் எங்கே நின்றார்கள், நீ யாரிடம் என்ன சொன்னாய் என்று ஒன்றுவிடாமல் எழுது. அதை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் பொட்டலில் பையன்களோடு உட்கார்ந்து பேசலாம்.

உன் அத்தை கருப்பட்டியும் கடலையும் கட்டி வைத்திருக்கிறாள். இந்த வாரம் ஊருக்கு வரும் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்